முன்பக்கம் முழுவதும் மாற்றினோம்

எங்கள் பிக்கப் வண்டியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், பின்னால் வருவதைப் படித்துவிட்டு, ஏதோ ஆரம்பத்திலிருந்தே அதன்மேல் பாசம் வைத்திருந்தவள் என்று என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, மற்றவர்களைப் போல நாமும் காலையில் கடலோரம் நடக்கலாம், மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவரோ, யாரோ ஓட்டித் தேய்த்து ஒழித்த ஒரு வண்டியை வாங்கிவந்து, ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும்.

"எதுக்குங்க இது?"

"வாழ எல ஏத்த, டீச்சர்."

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். வேலையில் இருந்தவரை 'ம்மா'தான். பள்ளிக்கூடத்தை விட்டாலும் நான் அதட்டுவதை விடவில்லை என்பதற்குத் தண்டனை அது.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே இலைதான். நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு நிலம் வைத்திருப்பவர்கள் வாழை போட்டிருக்கிறார்கள். அங்கே போய் இலை வெட்டிக் கட்டிக்கொண்டு, கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி, தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் இலைச்சோறு போடும் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வருவார். அவருடைய சட்டைகளில் ஒன்றுகூட வாழைக்கறை இல்லாமல் இல்லை. எந்த சோப்புக்கும் அது போகாது. ஆனால், வாழ்நாள் முழுக்க குளிர்சாதன அறைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு நின்ற மனிதர், வெயிலில் கறுத்து, பசியோடு வந்து உட்கார்ந்து, இரண்டு தட்டு சோறு சாப்பிடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சட்டையைப் பற்றி மட்டும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். நிபோங் திபாலில் காய்கறி மலிவு என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம். அப்படிப் போனபோதுதான் வண்டியின் முன்பக்கம் சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது. சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் காலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு அடி. முன் டயர்கள் உள்பக்கமாக மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டேரிங் நடுங்கியது. பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் பிறை ஊர்த் தொழிற்பேட்டையிலிருந்து வரும் பெரிய லாரிகள். நடுவில் இந்த மனிதர், நடுங்கும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார், எவ்வளவு அழகு என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஜெபமாலை கண்ணாடியில்தான் தொங்கியது, ஆனால் ஜெபம் முழுவதையும் நான்தான் சொன்னேன்.

கோலாலம்பூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அப்பாவ அந்த வண்டிய வித்துட்டு வீட்ல இருக்கச் சொல்லுங்கம்மா" என்றாள். சொல்வது சுலபம். வீட்டில் உட்கார்ந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒரு வாரம் இலை வெட்ட முடியாமல் போனால், வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றிப் பார்க்கிற ஆள்.

இருந்தாலும் ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "இந்த ஆட்டத்தோட நீங்க பாலத்துல போறத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். ஒன்னு சரி பண்ணுங்க, இல்லாட்டி வித்துடுங்க."

அவர் பிசைந்த சோற்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "முன்பக்கம் முழுசா மாத்திடுவோம். அதுக்கப்பறமும் ஆடுச்சுன்னா நானே சாவிய ஒங்கையில குடுத்துடுறேன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமாலா."

அதுதான் பேச்சு. ஆட்டம் நின்றால் வண்டி அவருக்கு, இலையும் வெயிலும் நிபோங் திபாலும் அவருக்கு. நிற்காவிட்டால் எல்லாம் போச்சு. எனக்கு எது வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நின்றால் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பட்டறைக்குக் கொண்டுபோகலாமே என்றேன். வாழ்நாள் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய நான் என் வண்டியை இன்னொருத்தன் கையில் கொடுப்பதா என்று கோபித்துக்கொண்டார். சாமான்கள் வந்து இறங்கின. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு லோவர் ஆர்ம், அவற்றில் ஏற்கனவே அழுத்திப் பொருத்திய ரப்பர் புஷ்கள், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டுகள், ஸ்டேரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் முனைகள், அதிர்வை வாங்கிக்கொள்ளும் புது அப்சோர்பர் ஒரு ஜோடி. எல்லாவற்றையும் வரவேற்பறையில் பழைய பேப்பர் விரித்துப் பரப்பி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டு வைப்பது போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் வேலை தொடங்கியது. மறுநாள் ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலையிலேயே இலை கொண்டுபோக வேண்டும். அதனால் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பதில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போவதாக இருந்தோம். வேலையையும் அன்றே முடித்தாக வேண்டும்.

வண்டியின் முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, கட்டைகள் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அட்டையை விரித்து அதன்மேல் படுத்து உள்ளே போனார். உதவியாள் நான். பழைய வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளமான முறுக்குக் கம்பி இருந்தது. அதைத் தளர்த்துவதற்கு முன்னால் அது நிற்கும் இடத்தை அடையாளம் வைக்க வேண்டுமாம். நான் உள்ளே போய், பிள்ளைகளின் கட்டுரை திருத்திய காலத்து வெள்ளை மை புட்டியைத் தேடி எடுத்துவந்தேன். காய்ந்துபோகாமல் இருந்தது அதிசயம். கம்பியில் ஒரு கோடு, அதைப் பிடித்திருந்த இரும்பில் ஒரு கோடு. "பரவால்ல, டீச்சருக்கும் வேல வருது" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

பழைய பால் ஜாயிண்ட் ஒன்றை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். கழன்ற பல் போல, தொட்ட பக்கமெல்லாம் ஆடியது. இதுதான் அந்த 'டக்' சத்தம் என்றார். ரப்பர் புஷ்கள் வெடித்து, ஒரு பக்கம் கிழிந்தே போயிருந்தன. இதையெல்லாம் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

புதுச் சாமான்களைப் பொருத்தும்போது என்னை அடிக்கடி கூப்பிட்டார். நட்டைப் போல்ட்டில் வைத்து முதல் சுற்றுச் சுற்றுவது என் வேலை. நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் துளைக்குள் ஒரு சின்ன இரும்புப் பின்னைச் சொருகுவார்கள், அதுவும் என் வேலை. "ஒன் விரல் சின்னது, சுலபமா நொழையும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் விரலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எரிச்சலோடுதான் குனிந்தேன், ஆனால் மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. நான் குளித்துப் புடவை கட்டிவிட்டு வந்து பார்த்தால் அவர் இன்னும் வண்டிக்கு அடியில். "பூசைக்கு நேரமாச்சு. எந்திரிச்சு வர்றீங்களா, நான் மட்டும் போகவா?" என்று சத்தம் போட்டேன். வண்டி தூக்கி நிறுத்தியபடியே இருக்க, மிச்ச போல்ட்டுகளை எல்லாம் அவசர அவசரமாக இறுக்கிவிட்டு, சக்கரங்களை மாட்டி இறக்கிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் கையைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தார். கோயிலில் எங்களுக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது.

நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது அவர் எனக்கு முன்னால் நின்றார். எல்லோரும் இடது உள்ளங்கையை வலது கைமேல் வைத்து நீட்டி அப்பத்தை வாங்கினார்கள். அவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, நாவில் வாங்கினார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். நகத்தில் கறுப்பு எண்ணெய் இருந்ததால் அன்று எனக்கு அது நியாயமாகவே பட்டது. மற்ற நாட்களில், "என்ன, திடீர்னு பழைய காலத்து பக்தி?" என்று கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

மறுநாள் கல்யாண வீட்டுக்கு இலை இறக்கிவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டக் சத்தம் போச்சா?"

"போச்சு."

"ஸ்டேரிங்?"

அவர் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டுமாம். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், இறக்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்குமாம். "தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீதான் பூச பூசன்னு அவசரப்படுத்துன."

எனக்கு வந்ததே கோபம். "ஆண்டவர் பூசைக்குக் கூப்புட்டா அதுவும் என் தப்பா? ஒங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்த நீங்க செய்யாம விட்டதுக்கு நானா பொறுப்பு?" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவரே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். பூசையும் புஷ்ஷும் சேர்ந்து ஒரு குடும்பத்தில் இப்படிச் சண்டை மூட்டியது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் அவரே வாசலில் படுத்து, வண்டி தரையில் நிற்க, எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி மறுபடி இறுக்கினார். என்னைக் கூப்பிடவில்லை. சமையல்கட்டிலிருந்து எனக்கு ஸ்பானர் சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் கேட்டது. எடுத்தார், மறுபடி விழுந்தது. கோபத்தில் போட்டு உடைக்கிறார் என்று நினைத்து, நானும் பாத்திரத்தை அதே சத்தத்தில் வைத்தேன்.

அதற்கும் ஆட்டம் நிற்கவில்லை. டயர் கடையில் சக்கரங்களைச் சமன் செய்து பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் அவரே இறங்கிவந்து, பிறையில் சக்கரங்களை நேர்படுத்தி அலைன்மெண்ட் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போகலாம் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். பட்டறைக்காரர் என்ன சொல்கிறார் என்று என் காதால் கேட்க வேண்டும் எனக்கு.

பட்டறைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம். நன்றாகச் சிரிக்கிற மனிதர். வண்டியைத் தூக்கி, விளக்கு அடித்து, கம்பியால் ஒவ்வொரு இடமாக நெம்பிப் பார்த்தார்.

"யாருண்ணே இத போட்டது?"

"நான்தான்."

"சுத்தமா போட்ருக்கீங்க. ஆமா, இது என்ன வெள்ளையா கோடு?"

"அது எங்க டீச்சரு போட்டது" என்றார் என் கணவர். பேச்சு வார்த்தை இல்லாத நாட்களுக்குப் பிறகு அது எனக்குச் சமாதானக் கொடி மாதிரி இருந்தது.

அலைன்மெண்ட் முடிந்ததும் பட்டறைக்காரரே ஓட்டிப் பார்த்தார். என் கணவர் நடுவில், நான் ஜன்னலோரம். தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே வேகமாக ஒரு சுற்று. பிறகு ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. ஜெபமாலைகூட அசையாமல் தொங்கியது.

"ஒன்னுமே இல்லண்ணே. புதுசு மாதிரி இருக்கு. ஆட்டம்லாம் எங்க இருக்கு?"

நான் முகமெல்லாம் சிரிப்பாக என் கணவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டு, முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

பட்டறைக்காரரை இறக்கிவிட்டு, என் கணவர் ஓட்ட, நாங்கள் கிளம்பினோம். பட்டறை கண்ணை விட்டு மறைவதற்குள் ஸ்டேரிங் நடுங்க ஆரம்பித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா! நல்லா ஏமாத்திட்டான். திருப்புங்க வண்டிய. நம்மள என்னன்னு நெனச்சான் அவன்? நான் கேக்குறேன் அவன்கிட்ட."

அவர் திருப்பவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு தொழிற்சாலை மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினார். நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

வண்டி அமைதியானது. அப்போது 'டிக், டிக், டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நான் பேச்சை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த சத்தம், டேஷ்போர்டில் எங்கேயோ ஏதோ கழன்றிருக்கிறது என்று நான் நினைத்த சத்தம். இன்ஜின் ஓடவில்லை. சக்கரம் உருளவில்லை. அவருடைய இடது கை ஸ்டேரிங்கின்மேல் இருந்தது. கல்யாண மோதிரம் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டே இருந்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றது. நட்டுக்கும் பின்னுக்கும் என் விரலைக் கூப்பிட்டது. தரையில் விழுந்த ஸ்பானர். இப்போதெல்லாம் தேத்தண்ணி அரைக் கிளாஸ் போதும் என்று அவர் சொல்லிவருவது. கோயிலில் கையை நீட்டாதது. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரே கட்டிலில் படுக்கிற மனிதர், இதை என்னிடம் மறைத்து, ஒரு இரும்பு வண்டியைப் பிரித்துப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்பலேருந்துங்க?" என்று கேட்டேன்.

அவர் சாவியை உருவி என் மடியில் வைத்தார்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல" என்றார்.

வீட்டில் இருக்கும் என் சின்னக் காரில் கியர் மாற்றும் வேலை கிடையாது. கியர் வண்டி ஓட்டி எத்தனையோ காலம் ஆயிற்று. உரிமம் எடுத்த காலத்தில் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். இடம் மாறி உட்கார்ந்தோம். கிளப்பும்போது இரண்டு தரம் வண்டி குதித்து நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். வேறு நாளாக இருந்தால் இறங்கி ஒரு கை பார்த்திருப்பேன். என் கணவர் மெதுவான குரலில், "கிளட்ச்ச மெதுவா விடு, அவசரமில்ல" என்றார்.

ஸ்டேரிங் என் கையில் ஆடவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது ஒரு தரமாவது ஆடிவிடாதா என்று நான் ஏங்கினேன். பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் வந்த பிறகும் அது அசையாமல் இருந்தது. அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதான இருந்துச்சு? அப்பறம் எதுக்கு அத்தன சாமானையும் மாத்துனீங்க?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டியும்தான ஆடுச்சு. சந்தேகம் இருந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒவ்வொரு சாமானா மாத்தும்போதும் வேண்டிக்கிட்டேன், டீச்சர். இதா இருக்கணும், இதா இருக்கணும்னு."

நான் ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்த முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போனோம். நோய்க்கு ஒரு பெயர் இருந்தது, மாத்திரைகளும் இருந்தன. ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "சாவிய அப்பவே குடுத்துட்டேன்" என்று அவர் சொன்னார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

வண்டியை விற்கவில்லை. மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டு, நான் போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டாள். இப்போது நிபோங் திபாலுக்கு நான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பள்ளத்தில் விட்டால் முகத்தைச் சுளிக்கிறார். இலை வெட்டிக் கட்டுவது அவர், முடிச்சுப் போடுவது நான். என்னுடைய இரண்டு நல்ல சட்டைகளில் வாழைக்கறை ஏறிவிட்டது. எந்த சோப்புக்கும் போகவில்லை.

அந்த மருத்துவமனை வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பூசையில் நற்கருணை வரிசையில் அவர் எனக்கு முன்னால் போனார். வழக்கம்போலக் கைகளைக் கட்டிக்கொண்டுதான் நடந்தார். ஃபாதருக்கு முன்னால் போய் நின்றதும், கட்டிய கைகளைப் பிரித்தார். இடது உள்ளங்கையை வலது கையின்மேல் வைத்து நீட்டினார். அது ஆடியது. மறைக்காமல், வரிசையில் நின்ற எல்லோரும் பார்க்கும்படி ஆடியது. ஃபாதர் ஒரு நொடி தயங்கினார். பிறகு குனிந்து, அந்த ஆட்டம் போகிற போக்கிலேயே தன் கையையும் கொண்டுபோய், அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

நான் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது விழவில்லை.